ஃபிளறி என்றால் பனி மட்டுமல்ல

கனடாவில் குளிர் தொடங்கிவிட்டால் வானொலியில் தினமும் காதில் விழும் சொல் 'ஃபிளறிஸ்'. விட்டு விட்டுக் கொஞ்ச நேரம் தூவிவிட்டு நின்றுவிடும் இலேசான பனிக்கு அந்தப் பெயர். 'ஸ்குவோல்' என்றால் கதை வேறு. பெரிய ஏரிகளின் மேலால் வரும் அந்தப் பனிவீச்சில் முன்னால் போகும் வாகனமே தெரியாது. வந்த புதிதில் எனக்கு இரண்டும் ஒன்றுதான். ஃபிளறிஸ் என்று சொன்ன ஒருநாள் பயந்து வீட்டிலேயே இருந்து, அன்றைய சம்பளத்தை இழந்தேன்.

அந்தச் சொல் போன மாசியில் மறுபடியும் என் மேசைக்கு வந்தது. சாப்பாட்டுக் கடை நடத்தும் தம்பி ஒருவர் வங்கிக் கடிதமொன்றுடன் வந்தார். அவரது கணக்கில் நான்கு நாட்களுக்குள் ஒரு 'ஃபிளறி' காசு வைப்புகள் நடந்திருக்கின்றன, விளக்கம் தரவும் என்று எழுதியிருந்தார்கள். இங்கேயே பிறந்த மகன், "அது ஸ்னோ அப்பா" என்று சொல்லியிருக்கிறான். காசுக்கும் பனிக்கும் என்ன தொடர்பு, கள்ளக் காசு என்பதைத்தான் சாடையாகச் சொல்கிறார்களோ என்று மனுசன் இரண்டு இரவு நித்திரை கொள்ளவில்லை.

மகன் சொன்னது பிழையில்லை. ஆனால் பனி அந்தச் சொல்லுக்குப் பிந்தி வந்த பொருள். 17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆங்கிலத்தில் அது திடீரென வீசி அடங்கும் காற்றையே குறித்தது. சிதறுதல், இரைச்சலோடு பறத்தல் என்ற பொருளுள்ள 'ஃபிளர்' என்ற பழைய வினையிலிருந்து பிறந்திருக்கலாம் என்பர். மா தூவுவதைக் குறித்த இன்னும் பழைய வினையொன்றோடு அதை இணைப்பவர்களும் உண்டு. பிட்டுக்கு மா அரித்தவர்களுக்கு இது உடனே பிடிபடும். காற்றுக்குப் பிறகு மனிதரின் பதற்றத்துக்கும் பரபரப்புக்கும் அந்தச் சொல் வந்தது. பனிக்கு வந்தது 19ஆம் நூற்றாண்டின் முற்பாதியில், அமெரிக்காவில்.

திமிங்கில வேட்டைக்காரரிடம் அதற்குக் கொடூரமான பொருள் ஒன்றும் இருந்தது. ஈட்டி பாய்ந்த திமிங்கிலம் சாகுமுன் கடலைக் கலக்கித் துடிக்கும் கடைசித் துடிப்பை அவர்கள் ஃபிளறி என்றார்கள். 1851இல் வெளிவந்த ஹேர்மன் மெல்வில்லின் 'மோபி டிக்' நாவலில் அந்தப் பொருளில் வருகிறது. அதே சொல்லை 1995இல் நியூ பிரன்சுவிக் மாகாணத்தில் ஒரு ஐஸ்கிறீமுக்கு வைத்தார்கள். நம் பிள்ளைகள் கேட்டு அடம்பிடிக்கும் மக்ஃபிளறி அதுதான்.

இப்போது குத்துச்சண்டையில் மளமளவென விழும் குத்துகள், பங்குச்சந்தையில் சட்டென்று கூடும் விற்பனை, ஒரே காலையில் வந்து குவியும் மின்னஞ்சல்கள் எல்லாமே ஃபிளறிதான். குறுகிய நேரத்தில் பல, பிறகு அமைதி, அவ்வளவே. அதில் குற்றச்சாட்டு இல்லை. வங்கி விளக்கம் கேட்டால் கட்டாயம் பதில் எழுத வேண்டும், அது வேறு விடயம்.

அந்த நான்கு நாட்களும் தைப்பொங்கலை ஒட்டியவை. ஓடர் சாப்பாட்டுக் காசை அவர் அன்றன்றே கொண்டுபோய்ப் போட்டிருக்கிறார். பற்றுச்சீட்டுகளை அடுக்கி ஒரு பக்கப் பதிலுடன் அனுப்பினோம். கடிதத்தை மடித்துக்கொண்டே தம்பி, "தமிழில இதுக்கு என்ன அண்ணை?" என்று கேட்டார். எனக்கு அகராதி தேவைப்படவில்லை. ஊரில் ஒரு பாட்டம் மழை என்போம், ஒரு பாட்டம் அழுது தீர்த்தாள் என்போம்.

"அப்ப ஒரு பாட்டம் காசு" என்றார். அன்றுதான் சிரித்தார்.