அடிபட்ட அன்றைக்கே எழுதுங்கள்!



நம்ம குழுவில் ஐந்து ரூபாய் அபராதம் கட்டினாலும் நோட்டில் ஏறிவிடும். தீர்மானப் புத்தகம், வருகைப் பதிவேடு, பேரேடு என்று ஒன்று விடாமல் எழுதுகிறோம். "எழுதாக் கணக்கு அழுதாலும் தீராது" என்று நமக்குத் தெரியும். ஆனால் நூல் மில்லுக்கும் பனியன் கம்பெனிக்கும் போகிற நம்ம பெண்களுக்கு வேலையில் அடிபட்டால், அதை எழுதினார்களா என்று கேட்கிறோமா?

இப்படி நடக்கிறதென்று வைத்துக்கொள்ளுங்கள். ராத்திரி ஷிப்டு. ரோலரில் சுற்றிய பஞ்சை எடுக்கும்போது ஒரு பெண்ணுக்கு விரல் மாட்டிக்கொள்கிறது. சூப்பர்வைசர் தனியார் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய்த் தையல் போட வைக்கிறார். "வீட்டில் அரிவாள்மனை பட்டுதுன்னு சொல்லிடும்மா. செலவெல்லாம் நாங்க பாத்துக்கறோம்" என்கிறார். நல்ல மனுஷன் என்று நாமும் தலையாட்டிவிடுகிறோம். மூன்று மாதம் ஆகியும் விரல் மடங்கவில்லை. பழைய வேலை ஓடவில்லை. அப்போது போய்க் கேட்டால், "இங்கேதான் அடிபட்டதுன்னு என்ன ஆதாரம்?" என்பார்கள்.

எழுதினால் என்ன லாபம்?

சம்பளத்தில் ஈ.எஸ்.ஐ. பிடித்தால், வேலையில் பட்ட காயத்துக்குத் தனி உதவி உண்டு. விபத்து நடந்த நாள் நீங்கலாக 3 நாளாவது வேலைக்குப் போக முடியாவிட்டால், குணமாகும் வரை சராசரி தினச் சம்பளத்தில் 90 சதவீதம் கிடைக்கும். வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே அடிபட்டாலும் உண்டு. ஊனம் நிலைத்துவிட்டால், மருத்துவக் குழு சொல்லும் அளவுப்படி ஆயுள் முழுக்கப் பணம் வரும்.

அதையே சாதாரண உடம்பு சரியில்லை என்று எழுதினால் 70 சதவீதம்தான். அதுவும் வருஷத்துக்கு 91 நாள் மட்டும். அதற்கு ஆறு மாதக் கணக்கில் 78 நாளாவது சந்தா கட்டியிருக்க வேண்டும். 400 ரூபாய் கூலி என்றால் ஒரு நாளைக்கு 360 எங்கே, 280 எங்கே? விரல் போனதற்கான ஆயுள் பணமும் போய்விடும்.

என்ன செய்ய வேண்டும்?

1. உடனே சூப்பர்வைசரிடமோ மேனேஜரிடமோ சொல்லுங்கள். வாயால் சொன்னாலும் செல்லும். அடிபட்டவரால் முடியாவிட்டால் கூட வேலை செய்பவர் சொல்லலாம்.

2. விபத்துப் பதிவேட்டில் எழுதச் சொல்லுங்கள். பெயர், ஈ.எஸ்.ஐ. எண், தேதி, நேரம், இடம், அப்போது என்ன வேலை செய்துகொண்டிருந்தார், எப்படி அடிபட்டது, எங்கே காயம், இரண்டு சாட்சிகள் - இவ்வளவும் வேண்டும். படித்துக் காட்டச் சொல்லிவிட்டுக் கையெழுத்தோ கைரேகையோ வையுங்கள். வெற்றுத் தாளில் வைக்க வேண்டாம்.

3. நிர்வாகம் 24 மணி நேரத்துக்குள் ஈ.எஸ்.ஐ. அலுவலகத்துக்கு விபத்து அறிக்கை அனுப்ப வேண்டும். உயிருக்கு ஆபத்து, உறுப்பு இழப்பு போன்ற பெரிய காயம் என்றால் உடனே அனுப்ப வேண்டும். அனுப்பிவிட்டார்களா என்று கேளுங்கள்.

4. டாக்டரிடம் நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள். ஆஸ்பத்திரிச் சீட்டில் "அரிவாள்மனை" என்று ஏறிவிட்டால் அப்புறம் மாற்றுவது பெரும்பாடு. சீட்டு, எக்ஸ்ரே எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு வையுங்கள்.

கம்பெனி வண்டியில் வேலைக்குப் போகும்போதோ திரும்பும்போதோ விபத்து நடந்தாலும் இதே மாதிரி எழுத வேண்டும். அதற்கும் உரிமை உண்டு.

ஈ.எஸ்.ஐ. இல்லாத இடமா? முதலாளியிடம் நஷ்டஈடு கேட்கலாம். விபத்து நடந்து 2 வருஷத்துக்குள் தொழிலாளர் துறையில் மனுப் போட வேண்டும். அங்கேயும் முதலில் கேட்பது ஆதாரம்தான்.

2025 நவம்பர் 21 முதல் இந்தச் சட்டங்கள் எல்லாம் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் என்ற ஒரே சட்டத்துக்குள் வந்துவிட்டன. படிவத்தின் எண் மாறலாம். ஆனால் அன்றைக்கே எழுதி வைத்த விவரம் எந்தச் சட்டத்திலும் கை கொடுக்கும்.

நம்ம தொழில்கூடத்தில்?

பாக்குமட்டைத் தட்டு மிஷின், மாவு மில், மசாலா யூனிட் நடத்தும் குழுக்களே, அங்கே நாம்தான் முதலாளி. சூடான அச்சில் கை சுட்டால் மஞ்சளைத் தடவிவிட்டு அடுத்த தட்டைப் போடுகிறோம். இனி நாமும் 40 பக்க நோட்டு ஒன்று போடுவோம். சின்னக் காயத்தையும் எழுதுவோம். ஒரே மிஷினில் மூன்று பேருக்கு அடிபட்டது தெரிந்தால், நாலாவது ஆளுக்கு அடிபடும் முன்னே அதைச் சரி செய்துவிடலாமே!

வரும் மாதக் கூட்டத்தில் ஊக்குநர்கள் இதைப் படித்துக் காட்டுங்கள். வெளியே வேலைக்குப் போகும் பிள்ளைகளை அன்றைக்குப் பக்கத்தில் உட்கார வையுங்கள். அடிபட்டது நம்ம தப்பு இல்லை. எழுதாமல் விட்டால் நஷ்டம் நமக்குத்தான்.