டாஸ்க்பாரில் எட்டிப் பார்க்கும் குட்டிப் படம்: உதவியா, உபத்திரவமா?

மாதக் கடைசி. தாராவி ஒர்க்‌ஷாப், மாட்டுங்கா கடை, செம்பூர் ஆபீஸ் என மூன்று இடங்களின் சம்பளக் கணக்கும் உங்கள் பொறுப்பு என்று வைத்துக்கொள்வோம். மூன்றும் தனித்தனி எக்செல் ஃபைல். டாஸ்க்பாரில் எக்செல் ஐகான் மேல் மவுஸை வைத்தால் மூன்று குட்டிப் படங்கள் வரும். மூன்றுமே பார்க்க ஒரே மாதிரி, கட்டம் கட்டமாக எண்கள். செம்பூர் என்று நினைத்து தாராவி ஃபைலில் ஒரு வரியை மாற்றினால், யாரோ ஒருவரின் சம்பளம் அந்த மாதம் குறையும்.

உங்கள் கவனக்குறைவு மட்டும்தான் காரணமா? இல்லை. வடிவமைப்புக்கும் இதில் பங்கு இருக்கு.

இது எப்போது வந்தது?

2001-ல் வந்த விண்டோஸ் எக்ஸ்பி, இடம் போதாதபோது ஒரே செயலியின் விண்டோக்களை ஒரே பட்டனுக்குள் அடைத்தது. 2007-ல் விஸ்டா குட்டிப் படத்தைக் கொண்டுவந்தது. 2009-ல் விண்டோஸ் 7, பட்டனில் இருந்த பெயரை எடுத்துவிட்டு ஐகானை மட்டும் வைத்தது. வேண்டுமானால் பெயரைத் திரும்பக் கொண்டுவரலாம். 2021-ல் விண்டோஸ் 11 அந்த வசதியையும் நீக்கியது. பயனர்கள் தொடர்ந்து கேட்டதால் 2023-ல் அது திரும்பி வந்தது.

படம் ஏன் போதவில்லை?

சின்ன கணக்குதான். 1920 பிக்சல் அகல விண்டோவை 200 பிக்சலுக்குள் அடக்கினால், 15 பிக்சல் உயர எழுத்து ஒன்றரை பிக்சலாகிவிடும். தமிழில் 'க'வுக்கும் 'க்'குக்கும் வித்தியாசம் ஒரு புள்ளி. முதலில் மறைவதும் அதுதான். யூடியூப்பையும் எக்செலையும் பிரித்துக் காட்ட படம் போதும். இரண்டு எக்செலைப் பிரிக்க பெயர்தான் வேணும்.

மவுஸ் ஏன் படுத்துகிறது?

ஐகானிலிருந்து ஓரத்தில் இருக்கும் படத்துக்குக் குறுக்காகப் போனால், வழியில் பக்கத்து ஐகான் மேல் மவுஸ் பட்டுவிடும். உடனே படங்கள் மாறிவிடும்.

இணையதளங்களுக்கான அணுகல்தன்மை விதிகளில் (டபிள்யூசிஏஜி 2.1, 2018) இதற்கு ஓர் அளவுகோல் உண்டு. மவுஸ் வைத்தால் தோன்றும் எதுவும், மவுஸை நகர்த்தாமலே மூட முடிய வேண்டும். அதன் மேல் மவுஸைக் கொண்டுபோனாலும் மறையக் கூடாது. நாம் விலகும்வரை நிலைத்திருக்க வேண்டும். டாஸ்க்பாருக்கு இந்த விதி நேரடியாகப் பொருந்தாது. ஆனால் கை நடுக்கம் உள்ளவர்களுக்கும், டச்பேடில் வேலை செய்பவர்களுக்கும் இந்த மூன்றும் ரொம்ப முக்கியம்.

ஸ்கிரீன் ஷேரில் என்ன ஆபத்து?

மீட்டிங்கில் முழுத் திரையையும் பகிர்ந்தால், முன்னோட்டமும் எல்லோருக்கும் தெரியும். குட்டிப் படத்தின் மேல் மவுஸ் சற்று நின்றால், அந்த விண்டோவே பெரிதாகத் தோன்றும். சம்பளப் பட்டியலானாலும் சரி, வங்கிக் கணக்கானாலும் சரி.

இப்போதே என்ன செய்யலாம்?

• விண்டோஸ் 11-ல் செட்டிங்ஸ், பெர்சனலைசேஷன், டாஸ்க்பார், டாஸ்க்பார் பிஹேவியர்ஸ் வரை போங்க. பட்டன்களைச் சேர்க்கும் ஆப்ஷனில் 'நெவர்' கொடுங்க. ஒவ்வொரு விண்டோவும் பெயரோடு தனியாக நிற்கும்.

• ஃபைல் பெயரில் வித்தியாசத்தை முன்னால் வையுங்க. 'சம்பளம்_அக்டோபர்_தாராவி' என்றால் இடம் போதாதபோது தாராவிதான் வெட்டுப்படும். 'தாராவி_சம்பளம்_அக்டோபர்' என்றால் தப்பிக்கும்.

• கண்ட்ரோல் கீயை அழுத்தியபடி ஐகானை கிளிக் செய்தால், அந்தச் செயலியின் விண்டோக்கள் முழு அளவில் ஒவ்வொன்றாக வரும்.

• மீட்டிங்கில் முழுத் திரைக்குப் பதில் ஒரு விண்டோவை மட்டும் பகிருங்க.

முதல் மாற்றத்துக்கு ஒரு நிமிஷம்கூட ஆகாது. அடுத்த சம்பளக் கணக்கைத் திறப்பதற்கு முன் செய்துவிடுங்க.