சிகிச்சை முடிந்தும் தீராத அசதி

கீமோதெரபியும் கதிர்வீச்சும் முடிந்து, ஸ்கேனில் கட்டி இல்லை என்று வந்த பிறகும் புற்றுநோயிலிருந்து மீண்ட பலரை அசதி மட்டும் விடுவதில்லை. தூங்கி எழுந்தால் தெளிந்துவிடும் களைப்பல்ல இது. இரவெல்லாம் தூங்கியவர்கூடக் குளித்துத் தலை துவட்டுவதற்குள் மறுபடி கட்டிலைத் தேடுவார். சிலருக்கு இது மாதக்கணக்கில் இருக்கும், சிலருக்கு ஆண்டுக்கணக்கில். பார்க்க நன்றாகத்தானே இருக்கிறார் என்று வீட்டார் நினைப்பது வேறு.

ரத்தசோகை, தைராய்டு குறைபாடு, வலி, தூக்கமின்மை, மனச்சோர்வு இவற்றில் ஏதாவது இருந்தால் முதலில் அதைச் சரிசெய்ய வேண்டும். அந்த வேலை மருத்துவருடையது. போனில் இருக்கும் ஆப் எதனாலும் அது ஆகாது. அதற்குப் பிறகும் மிஞ்சும் அசதிக்கு மாத்திரையைவிட உடற்பயிற்சியும் உளவியல் சிகிச்சையும் நன்றாகப் பலன் தருகின்றன என்று, 113 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த 2017ஆம் ஆண்டு ஆய்வுக் கட்டுரை ஒன்று காட்டியது. ஆனால், எழுந்து நிற்கவே தெம்பில்லாதவரை வாராவாரம் மருத்துவமனைக்கு அலையவிட முடியுமா? போனும் இணையமும் கைகொடுப்பது இந்த இடத்தில்தான்.

நெதர்லாந்தில் இப்படி அசதியோடு இருந்த 167 பேரை மூன்று பிரிவாகப் பிரித்து ஒன்பது வாரம் சோதித்தார்கள். முதல் பிரிவினர் அசைவை அளக்கும் சிறு கருவியை இடுப்பில் மாட்டிக்கொண்டார்கள். கையிலிருந்த போன் திரையில் இரண்டு கோடுகள் தெரியும்: அன்று அதுவரை அசைந்த அளவு ஒன்று, அசைந்திருக்க வேண்டிய அளவு மற்றொன்று. காலையிலேயே எல்லா வேலையையும் இழுத்துப்போட்டுச் செய்துவிட்டு மதியம் சுருண்டு படுப்பவருக்கு, இந்தக் கோடுகள் விஷயத்தைச் சட்டென்று புரியவைத்துவிடும். அளவு மீறினால் சற்று உட்காரச் சொல்லியும், குறைந்தால் கொஞ்சம் நடந்துவிட்டு வரச் சொல்லியும் செய்தி வரும். வாரம் ஒருமுறை பிசியோதெரபிஸ்ட் அந்தப் பதிவுகளைப் பார்த்து மின்னஞ்சல் எழுதுவார். இரண்டாம் பிரிவினருக்கு உளவியலாளரின் துணையோடு இணையவழி மனக்கவனப் பயிற்சி. மூன்றாம் பிரிவினருக்கு அசதி பற்றிய தகவல் மின்னஞ்சல்கள் மட்டும். கேட்பார் யாரும் இல்லை.

ஆறு மாதத்தில் முதல் பிரிவில் 66 சதவீதம் பேருக்கும், இரண்டாவதில் 49 சதவீதம் பேருக்கும் குறிப்பிடத்தக்க முன்னேற்றம் இருந்தது. மூன்றாவதில் 12 சதவீதம்தான். தகவலை அனுப்பிவைத்தால் மட்டும் போதும் என்று நினைப்பவர்கள் இந்தக் கடைசி எண்ணைக் கவனிக்க வேண்டும்.

சிகிச்சையாளர் இல்லாமல் தானே இயங்கும் ஆப்களும் உண்டு. அவற்றில் ஒன்றான அன்டயரை 799 பேரிடம் சோதித்து 2020இல் முடிவு வெளியிட்டார்கள். 12 வாரத்தில் அசதி ஓரளவு குறைந்தது. ஆனால் பாதியில் விட்டவர்கள் ஏராளம். அசதியோடு இருப்பவரிடம் தினமும் திரையைத் திற, கேள்விக்குப் பதில் சொல் என்றால் வேறென்ன நடக்கும்? எல்லோருக்கும் ஒரே இலக்காகப் பத்தாயிரம் அடி நடக்கச் சொல்லும் கைக்கடிகாரங்களும் இவர்களுக்கு ஒத்துவராது.

ஆப் எதுவும் இல்லாவிட்டாலும், அன்றன்றைய அசதிக்கு 0 முதல் 10 வரை ஒரு மதிப்பெண் போட்டுப் போனில் குறித்துவைக்கலாம். 4 அல்லது அதற்கு மேல் வந்தால் மருத்துவர் காரணத்தைத் தேடிப் பார்க்க வேண்டும். குறைந்திருந்த அசதி திடீரென்று கூடினால் அடுத்த செக்கப் வரை காத்திருக்காமல் உடனே காட்டிவிடுவது நல்லது.