பாலம் போட்ட காமிரா!

"பிரிட்ஜ் காமிரா வாங்கியிருக்கேன் மாமா" என்றேன். அக்காள்மடத்து மாமனார் யோசித்தார். "பாம்பன் பாலத்தைப் படம் புடிக்கவா மாப்ள?"

இல்லை சார். சட்டைப்பைக் காமிராவுக்கும் லென்ஸ் மாற்றுகிற பெரிய காமிராவுக்கும் நடுவே இது பாலமாம்!

போனஸில் வாங்கிய செகண்ட்ஹேண்ட். லென்ஸைக் கழற்றவே முடியாது. உப்பும் மணலும் பறக்கிற தீவில் அதுவே புண்ணியம். (ஜூம் குழல் நீண்டு சுருங்கும்போது தூசியை உறிஞ்சும். துடைக்கணும்.) ஜூம்தான் அபாரம்! 2015-ல் வந்த நிக்கான் பி900-க்கு 83 மடங்கு. என்னுடையது அதைவிடக் குறைச்சல்தான். ஆனாலும் கோதண்டராமர் கோயில் பக்கம் பூநாரைகளை எட்ட நின்றே எடுத்தேன். ஒன்றுகூடப் பறக்கவில்லை.

அப்புறம்தான் வினை. மாமனார் நாட்டுப்படகை விற்கிறார். கடைசித் தடவை கடலிலிருந்து திரும்புவதை எடுக்கச் சொன்னார். வரும்போது பொழுது சாய்ந்துவிட்டது. இந்த ரகத்தில் பெரும்பாலானவற்றுக்கு சென்சார் அகலம் 6 மில்லிமீட்டர்தான். பழைய ஃபிலிமுக்கு 36! போதாததற்கு, முழு ஜூமில் லென்ஸுக்குள் நுழையும் வெளிச்சமும் குறையும். படகு முழுக்க ரவை கொட்டினாற்போலப் புள்ளி.

"இது யாரு படகு?" என்றார் மாமனார்.

பெரிய சென்சார் வைத்த சோனி ஆர்எக்ஸ்10-4 (2017) இருக்கிறது. ஜூம் 25 மடங்குதான். விலையைக் கேட்டால் மனைவியின் நகை ஞாபகம் வரும்.

வாங்கினவர் மறுநாள் பத்து மணிக்கு வருவதாக ஏற்பாடு. விடிந்து வெயில் வந்ததும் மாமனாரைப் படகில் நிற்கவைத்து, ஜூமே போடாமல், பத்தடி தூரத்திலிருந்து எடுத்தேன். பளிச்சென்று விழுந்தது.

"இதுக்கு என் செல்போனே போதுமே மச்சான்" என்கிறான் மச்சினன்.