தோட்டத்துக்கு வந்துசேரும் செய்தி

மலேசியாவின் கோல சிலாங்கூர் வட்டாரத்தில் உள்ள ஈஜோக், செம்பனைத் தோட்டங்களும் மலாய்க் கம்பங்களும் கலந்த சட்டமன்றத் தொகுதி. 2007 ஏப்ரல் 28 அன்று அங்கே நடந்த இடைத்தேர்தலில் ஆளுங்கூட்டணியைச் சேர்ந்த ம.இ.கா.வின் கே. பார்த்திபன், எதிர்க்கட்சியான பி.கே.ஆர். வேட்பாளர் காலிட் இப்ராஹிமை 1,850 வாக்கு வித்தியாசத்தில் வென்றார். பிரசார நாள்களில் சாலைகளுக்குத் திடீரெனத் தார் விழுந்தது. பத்திரிகைகள் ஆண்டுதோறும் அச்சு உரிமத்தைப் புதுப்பிக்க வேண்டியிருந்த காலம் அது. வலைப்பதிவுகளுக்கு இடம் தர வேண்டாம் என்று அதற்கு முந்தைய மாதம்தான் உள்நாட்டுப் பாதுகாப்பு அமைச்சு ஊடகங்களுக்கு அறிவுறுத்தியிருந்தது. அந்தச் சூழலில் பொய் எழுத வேண்டிய அவசியமே இல்லை, சிலவற்றை எழுதாமல் விட்டாலே போதும்.

விடுபட்டவை இணையத்தில் வந்தன. மறு ஆண்டு மார்ச் 8 பொதுத்தேர்தலில் அதே ஈஜோக்கில் வென்ற காலிட், சிலாங்கூர் மந்திரி பெசாரானார். இணையப் பிரசாரத்தை அலட்சியப்படுத்தியது பெரிய தவறு என்று பிரதமர் அப்துல்லா அகமட் படாவி ஒப்புக்கொண்டார்.

இன்று பொய்யும் அதே வழியில்தான் வருகிறது. புலனக் (வாட்ஸ்அப்) குழுவில் ஒரு குரல்பதிவு விழும். பேசுபவர் யார், எந்த ஊர், என்று நடந்தது, எதுவும் இருக்காது. கேட்பவருக்கோ அனுப்பிய மாமாவின் பெயரே அத்தாட்சி. 2018 நவம்பரில் சுபாங் ஜெயா சீபீல்ட் மாரியம்மன் ஆலயத்தில் கலவரம் வெடித்தபோது, நிலத் தகராறில் தொடங்கிய அந்த விவகாரம் சமூக ஊடகங்களில் இன மோதலாகப் பரவியது. இது இனப் பிரச்சினை அல்ல என்று அரசாங்கமே விளக்க வேண்டியதாயிற்று.

சட்டம் போட்டும் பார்த்தார்கள். 2018 ஏப்ரலில் வந்த பொய்ச் செய்தித் தடுப்புச் சட்டம் ஆறாண்டு வரை சிறை, 5 லட்சம் ரிங்கிட் வரை அபராதம் என்றது. 2019 டிசம்பரில் அதை ரத்து செய்ய நாடாளுமன்றம் ஒப்புதல் தந்தது. 2021 மார்ச்சில் அவசரகாலச் சட்டமாக வேறு உருவில் திரும்பியது. அதற்கு முந்தைய மாதம், வாசகர்கள் எழுதிய கருத்துகளுக்காக மலேசியாகினி நீதிமன்ற அவமதிப்பு வழக்கில் 5 லட்சம் ரிங்கிட் அபராதம் கட்டியது. முகவரியுள்ள செய்தி நிறுவனத்தைப் பிடிப்பது எளிது. முகமில்லாத குரல்பதிவை யார் பிடிப்பது?

1924-இல் தொடங்கிய ‘தமிழ் நேசன்’ நாளிதழும் 2019-இல் நின்றுபோனது. 2025 ஜனவரியில் தொடர்பு பல்லூடக ஆணையம் அறிமுகப்படுத்திய ‘ஐஃபா’ என்னும், செய்திகளைச் சரிபார்க்கும் செயற்கை நுண்ணறிவு உதவியாளர் தமிழிலும் பதில் சொல்கிறது. ஏற்கெனவே வெளிவந்த தகவலோடு ஒப்பிட்டுத்தான் அது சொல்ல முடியும். அதே கோல சிலாங்கூர் வட்டாரத்தின் புக்கிட் ரோத்தானிலோ பெஸ்தாரி ஜெயாவிலோ நேற்று நடந்ததை ஒரு செய்தியாளர் நேரில் போய் விசாரித்து எழுதியிருந்தால்தான், ஒப்பிடுவதற்கென்று அதனிடம் ஏதாவது இருக்கும்.