இளங்குதிரையின் முட்டியை ஏன் பார்க்கிறார்கள்?

மயிலம், திண்டிவனம் பக்கம் குதிரை என்றால் செஞ்சி தேசிங்குராஜன் நினைவுக்கு வருவார். 1714-இல் போரில் மாண்ட அவர், டெல்லியில் எவருக்கும் அடங்காத குதிரையை அடக்கியதாகக் கதைப்பாடல் சொல்லும். ஏறிப் பார்த்து எடைபோடுவது கதைக்குச் சரி. பந்தயக் குட்டிக்கு ஆகாது, எலும்பு முற்றியிருக்காது.

இந்தியாவில் பந்தயக் குதிரைகள் எல்லாவற்றுக்கும் ஜனவரி 1-இல் வயது கூடும். ஜனவரியில் பிறந்ததும் ஏப்ரலில் பிறந்ததும் தாளில் ஒரே வயதுதான். எலும்புக்கு அந்தக் கணக்குத் தெரியாது. முன்னங்கால் முட்டிக்கு மேலுள்ள வளர்ச்சிக் குருத்தெலும்பு மூட இரண்டு, இரண்டரை வயதாகும். அது திறந்திருக்கிறதா என்பதை எக்ஸ்ரே காட்டும். திறந்திருக்கும்போது கடுமையாக ஓடவிட்டால் மூட்டு வீங்கும். இரண்டு வயதில் முந்தும் குட்டி சிலசமயம் சீக்கிரம் முற்றியது, அவ்வளவுதான். மூன்று வயதில் மற்றவை எட்டிப்பிடித்துவிடும்.

மயோஸ்டாட்டின் என்ற மரபணு, குதிரை குறுந்தூரத்துக்கு ஏற்றதா நெடுந்தூரத்துக்கு ஏற்றதா என்று ஓரளவு சொல்லும் என 2010-இல் அயர்லாந்து ஆய்வாளர்கள் காட்டினர். வெல்லுமா என்று அது சொல்லாது.

குதிரையின் நாடி ஓய்வில் நிமிடத்துக்கு 30 முதல் 40. முழுவேகத்தில் 200-ஐத் தாண்டும். ஓடி நின்றபின் அது எவ்வளவு விரைவாக இறங்குகிறது என்பதே உடல் தயாரானதற்கு அடையாளம். ஏலத்தில் பேசும் வம்சப் பெருமையைவிட இதையே நான் நம்புவேன்.