அழுத்தம் சீரானபின் மாத்திரை எதற்கு?

இரத்த அழுத்தம் சீரானதும் அம்லோடிபின் மாத்திரையை நிறுத்திவிடலாமா என்று பலர் எங்களிடம் கேட்கின்றனர். நிறுத்தலாகாது என்பதே எங்கள் விடை. இம்மருந்து, இரத்தக் குழாய்ச் சுவரின் தசைகளுக்குள் கால்சியம் நுழைவதைக் குறைக்கிறது. தசைகள் தளர்ந்து குழாய்கள் விரிவதால் அழுத்தம் தணிகிறது. மாத்திரையை நிறுத்தினால், பெரும்பாலும் அறிகுறி ஏதுமின்றியே அழுத்தம் மீண்டும் உயரும். பக்கவாதத்துக்கும் மாரடைப்புக்கும் அது வழிவகுக்கும்.

வழக்கமாக நாளுக்கு ஒரு முறை, குறித்த நேரத்தில், உணவுக்கு முன்போ பின்போ உட்கொள்ளலாம். முழுப் பயன் தெரிய ஓரிரு வாரங்கள் ஆகும். மறந்த மாத்திரையை 12 மணி நேரத்துக்குள் நினைவு வந்தால் உட்கொள்ளுங்கள். அதற்கு மேலானால் விட்டுவிடுங்கள். இரண்டாகச் சேர்த்து உட்கொள்ள வேண்டாம். கணுக்கால் வீங்கினால், நீங்களாக நிறுத்தாமல் மருத்துவரிடம் கூறுங்கள். அளவையோ மருந்தையோ மாற்ற வழியுண்டு.